மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்

1972-ஆம் ஆண்டின் முதல் நாள். கரீபியன் கடலில், பிரான்சைச் சேர்ந்த மார்டினிக் தீவு. அங்கே தங்கியிருந்த ஆந்த்ரே கெர்டேஸ் என்ற 77 வயதுப் புகைப்படக்காரர் பால்கனியில் நின்று ஒரு படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். கடல் தெரிகிறது, வானம் தெரிகிறது, பால்கனியின் கைப்பிடி தெரிகிறது. பக்கத்துப் பால்கனியைப் பிரிக்க நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. நம் ஊர்க் குளியலறைச் சன்னலில் போடுவார்களே, வெளிச்சத்தை விட்டு உருவத்தை மறைக்கும் கண்ணாடி, அந்த மாதிரி. அதன் பின்னால் ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிறார். அவருடைய தலையும் தோளும் கருத்த நிழலாகக் கண்ணாடியில் தெரிகின்றன. அவ்வளவுதான் படம்.

இதை என் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. முகம் தெரியவில்லை, சம்பவம் எதுவும் நடக்கவில்லை, கடல்கூட அப்படியொன்றும் அழகாக இல்லை. அப்படியிருந்தும் 50 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடுகிறார்கள், பேசுகிறார்கள். நண்பரிடம் அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

நாம் தினமும் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் ஒரு செய்தியைச் சொல்லி முடித்துவிடுகின்றன. இவர் மாப்பிள்ளை, இது கோபுரம், இது நாங்கள் சாப்பிட்ட மீன் குழம்பு. முகத்தில் வெளிச்சம் விழவேண்டும், ஃபோகஸ் கூர்மையாக இருக்கவேண்டும், முக்கியமான ஆள் நடுவில் நிற்கவேண்டும் என்ற விதிகள் எல்லாம் அதற்காகத்தான். பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. கல்யாண ஆல்பத்துக்கும் அடையாள அட்டைக்கும் அதுதான் சரி. செய்திப் படத்துக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியது என்று தெரிந்துகொள்ள வருகிறவரிடம் போய், கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது.

கெர்டேஸின் படம் வேறொரு வேலையைச் செய்கிறது. முக்கியமான ஒன்றைத் தராமல் நிறுத்திக்கொள்கிறது. அந்த இடத்தில் நாம் உள்ளே நுழைந்துவிடுகிறோம். யார் அவர்? தனியாக வந்திருக்கிறாரா? புத்தாண்டு அன்று ஏன் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்? யாருக்காவது காத்திருக்கிறாரா, அல்லது கொஞ்ச நேரம் யாரும் இல்லாமல் இருக்கத்தான் வெளியே வந்தாரா? படம் எதையும் சொல்லவில்லை. ஆனால் இத்தனையையும் கேட்கவைத்துவிட்டது.

மனதுக்குள்ளேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தத் தடுப்பு சாதாரணத் தெளிவான கண்ணாடியாக இருந்திருந்தால்? விடுமுறைக்கு வந்த ஒருவர் கடல் பார்க்கும் படம் கிடைத்திருக்கும். சட்டை என்ன, வயது என்ன, முகத்தில் என்ன உணர்ச்சி என்று எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு நொடியில் பக்கத்தைப் புரட்டியிருப்போம். சரி, கண்ணாடிக்குப் பதில் அங்கே செங்கல் சுவர் இருந்திருந்தால்? வெறும் கடல். அந்தப் பக்கம் ஒருவர் இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அவர் ஒரு மனிதர் என்பதும், சாய்ந்து நிற்கிறார் என்பதும் தெரியும் அளவுக்கு இந்தக் கண்ணாடி காட்டுகிறது. அதற்கு மேல் ஒன்றும் தரவில்லை. இந்த வகைப் படங்களின் நுட்பம் முழுவதும் இந்த அளவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு காட்டுவது, எங்கே நிறுத்துவது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்று நம் இலக்கணம் விதித்திருக்கிறது. ஊர்ப் பெயர் வரலாம், மலையின் பெயரும் மன்னன் பெயரும் உவமையாக வரலாம், காதலிப்பவர்களின் பெயர் மட்டும் வராது. உள்ளுறை என்று இன்னொன்று உண்டு. வயலில் ஒரு நண்டு, குளத்தில் ஒரு நாரை, பூவை விட்டுப் போகும் ஒரு வண்டு என்று பாட்டு ஏதோ காட்சியை வர்ணிக்கும். அது எந்த மனிதரைக் குறிக்கிறது என்று பாட்டு சொல்லாது. கேட்பவர்தான் சேர்த்துக்கொள்ளவேண்டும். கெர்டேஸ் தன் படத்துக்கு வைத்த தலைப்பு 'மார்டினிக், ஜனவரி 1, 1972'. இடமும் பொழுதும் மட்டும். ஆளின் பெயர் இல்லை. தலைப்பில் முதலையும் (இடம், பொழுது) படத்தில் கருவையும் (அந்த இடத்துப் பொருள்கள்) தந்து, உரியை (மனித உணர்வு) நம்மிடம் விட்டுவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஹங்கேரியில் பிறந்தவருக்கு நம் திணை இலக்கணம் தெரிந்திருக்காது. ஆனால் நமக்குத் தெரியும், அதனால் இந்தப் படத்துக்குள் நுழைய நமக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். சொரசொரப்பான கண்ணாடி தன் வழியாக வரும் வெளிச்சத்தைப் பல திசைகளில் சிதறடிக்கும். கண்ணாடியை ஒட்டி இருக்கும் பொருளிலிருந்து வரும் வெளிச்சம் அதிகம் பரவுவதற்குள் கண்ணாடியை எட்டிவிடுவதால், அதன் ஓரங்கள் ஓரளவு தெளிவாகத் தெரியும். பொருள் விலக விலக ஓரங்கள் கரையும். குளியலறைக் கதவில் கையை அழுத்தினால் ஐந்து விரலையும் எண்ணலாம். அதே கையை ஓரடி பின்னால் இழுத்தால் வெறும் கறைதான். ஆகவே இப்படிப்பட்ட கண்ணாடி ஆளை மறைப்பதோடு நிற்பதில்லை, அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற தகவலையும் ரகசியமாகச் சொல்கிறது. மிச்சத்தை நம் மூளை பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் இடைவெளி விட்டு வரைந்த வட்டத்தையும் நாம் வட்டம் என்றே பார்க்கிறோம். ஜெர்மனியில் 1920-களில் கெஸ்டால்ட் உளவியலாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதினார்கள். குறை இருந்தால் இட்டு நிரப்புவது கண்ணின் பழக்கம். கலைஞர் அந்தப் பழக்கத்தை நம்பி ஒரு இடைவெளியை விட்டுவைக்கிறார்.

கெர்டேஸுக்கும் கண்ணாடிக்கும் நீண்ட உறவு. 1929-இல் பாரிஸின் மோமார்த்ர் பகுதியைச் சன்னல் வழியாகப் படம் எடுத்தார். அந்தப் படத்தின் நெகட்டிவ் ஒரு கண்ணாடித் தகட்டில் இருந்தது. 1936-இல் அவர் நியூயார்க் போனபோது பல தகடுகளைப் பாரிஸிலேயே விட்டுவிட்டுப் போனார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தபோது இந்தத் தகடு உடைந்திருந்தது. கல் பட்ட சன்னல் மாதிரி ஒரு ஓட்டை, அதைச் சுற்றி விரிசல்கள். அவர் அதைத் தூக்கி எறியவில்லை, அப்படியே அச்சிட்டார். ஓட்டை இருந்த இடம் படத்தில் கறுப்பாக விழுந்தது. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால், ஊரையே யாரோ சுட்டுவிட்டார்கள் என்று தோன்றும். 1929-க்கும் அந்த அச்சுக்கும் நடுவில் ஐரோப்பாவில் ஒரு பெரிய போர் நடந்தது என்பதும் கூடவே நினைவுக்கு வரும். படம் எடுத்தபோது அவர் இதில் எதையும் எண்ணியிருக்க முடியாது. விபத்தில் வந்ததுதான். இருந்தாலும் அந்த விபத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர் அவர். இந்த வகைப் புகைப்படக் கலையில் அந்த முடிவுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் அவருக்கு நெடுங்காலம் சரியான வரவேற்பு இல்லை. உங்கள் படங்கள் அளவுக்கு மீறிப் பேசுகின்றன என்று சொல்லி 'லைஃப்' பத்திரிகை அவருடைய படங்களைத் திருப்பிவிட்டதாக ஒரு கதை உண்டு. வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றுக்கு அறைகளையும் மேசை நாற்காலிகளையும் படம் எடுத்துக் கொடுத்தே பல வருடங்கள் போயின. 1964-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்போது அவருக்கு 70 வயது.

அடுத்ததாக ஒரு சன்னல். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த படங்கள் இவை.

செக் நாட்டுக்காரர் யோசெஃப் சுதெக், 1896-இல் பிறந்தவர். புத்தகம் கட்டும் தொழில் கற்றார். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் காயம்பட்டு வலது கையை இழந்தார். ஒற்றைக் கையால் புத்தகம் கட்ட முடியாது. அப்படித்தான் முழுமையாகப் புகைப்படத்தின் பக்கம் வந்தார். பிராக் நகரத்தில் ஒரு முற்றத்தில் இருந்த சின்ன மரக் கட்டடம் அவருடைய ஸ்டூடியோ. இரண்டாம் உலகப் போர், ஜெர்மன் ஆக்கிரமிப்பு என்று ஊரே முடங்கிக் கிடந்த 1940-இல், தன் ஸ்டூடியோவின் சன்னலை உள்ளே இருந்தபடியே படம் எடுக்கத் தொடங்கினார். 1954 வரை அதையே எடுத்தார். ஒரே சன்னல், 14 ஆண்டுகள்.

அந்தப் படங்களில் கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள். சிலவற்றில் பனி உறைந்திருக்கும். சிலவற்றில் துளிகள் வழிந்து கோடு கோடாக இறங்கியிருக்கும். வெளியே தோட்டத்தில் ஒரு கோணல் மரம், துளிகளுக்கு அப்பால் புகை மாதிரித் தெரியும். சன்னல் திண்டில் சில சமயம் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பூவும் இருக்கும். போரைப் பற்றி ஒரு அடையாளமும் இல்லை, சிப்பாய் இல்லை, கொடி இல்லை. ஆனால் வெளியே போக முடியாத ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பது உடம்பில் உறைக்கிறது. அந்தத் துளிகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் படிவதற்கு அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம்தான் காரணம். அதில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி இருக்கும், அங்கே இருப்பவரின் மூச்சும் இருக்கும். அவர் படத்தில் எங்கும் இல்லை, மூச்சு மட்டும் கண்ணாடியில் இருக்கிறது. இது படத்தில் எழுதியிருக்கும் விஷயம் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டதுதான். ஆனால் வெறும் காற்றிலிருந்து சேர்க்கவில்லை, கண்ணாடியில் தெரியும் ஈரத்திலிருந்து சேர்த்தேன். இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நியூயார்க்கின் சால் லைட்டர் வேறு மனநிலைக்காரர். ஓவியராக வேண்டும் என்று 1946-இல் அந்த ஊருக்கு வந்தவர். 1948 வாக்கில் தொடங்கி, தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை வண்ணத்தில் எடுத்தார். கலைப் புகைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பலரும் நம்பிய காலம் அது. 1960-இல் எடுத்த 'பனி' என்ற படத்தில், ஆவி படிந்து நீர் வழியும் ஒரு கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஆள் நிற்கிறார், அவ்வளவே. சுதெக்கின் சன்னலில் தனிமை இருக்கிறது என்றால் லைட்டரின் கண்ணாடியில் ஒரு கதகதப்பு இருக்கிறது, வெளியே குளிர், நான் உள்ளே பத்திரமாக இருக்கிறேன் என்ற உணர்வு. அவர் எடுத்த வண்ணப் படங்களில் பெரும்பகுதி பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. முதல் வண்ணப் புத்தகம் 2006-இல்தான் வந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்பே பாரிஸில் யூஜின் அட்ஜே என்பவர் கடைச் சன்னல்களை எடுத்திருக்கிறார். 1925-இல் கோபலேன் சாலையில் எடுத்த படங்களில், துணிக்கடைப் பொம்மைகளின் மேல் எதிர்ப்பக்கக் கட்டடமும் மரங்களும் கண்ணாடியில் பிரதிபலித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பொம்மைகள் தெருவில் நிற்கின்றனவா, தெரு கடைக்குள் நுழைந்துவிட்டதா என்று குழம்பும். இங்கே கண்ணாடி எதையும் மறைக்கவில்லை. இரண்டு உலகங்களை ஒன்றாகக் காட்டி மயக்குகிறது.

இப்போது, இந்த மாதிரிப் படம் ஒன்று எதிரே வந்தால் எப்படிப் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

அவசரப்படாமல் முதலில் இருப்பதைப் பார்க்கவேண்டும். இது சும்மா சொல்வதற்கு எளிது, செய்வது கஷ்டம். நம் மனம் உடனே, "சோகமான படம்", "தனிமையைக் காட்டுகிறது" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு நகரப் பார்க்கும். அந்தச் சீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஒரு கைப்பிடி, ஒரு கண்ணாடி, ஒரு தலை, ஒரு தோள், கடல் முடியும் கோடு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? எது கூர்மை, எது மங்கல்? படத்தின் ஓரத்தில் எது வெட்டுப்பட்டிருக்கிறது? மூன்று நிமிடம் போதும். அப்புறம் கையால் படத்தின் ஒரு பகுதியை மூடிப் பாருங்கள். மார்டினிக் படத்தில் அந்த நிழலை மூடினால் கடல் வெறிச்சோடிப் போகும். கடலை மூடினால் அந்த ஆள் ஏதோ சிறையில் நிற்கிற மாதிரி ஆகிவிடுவார். எது எதைத் தாங்குகிறது என்பது இப்படித்தான் பிடிபடும்.

அதற்குப் பிறகு கற்பனையை விடலாம். இங்கேதான் ஆரம்பத்தில் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார், இதற்குச் சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும் என்று பயப்படுகிறார்கள். அப்படி விடை கிடையாது. அந்த நிழலின் பெயரும் தொழிலும் கிடைத்தால்கூடப் படம் ஒரு அங்குலமும் வளராது. இன்னொரு சாரார், விடை இல்லை என்றால் எதையும் சொல்லலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. "அவர் ஒரு உளவாளி, கீழே ஒரு கொலை நடக்கிறது" என்று ஒருவர் சொன்னால் கதை சுவாரசியமாக இருக்கலாம், ஆனால் அதற்குப் படத்தில் பிடிமானம் இல்லை. அவர் உடம்பைத் தளர்த்திச் சாய்ந்திருக்கிறார், பதற்றம் எதுவும் தெரியவில்லை. நாம் கட்டும் கதை, படத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளில் காலூன்றி நிற்கவேண்டும். சுதெக்கின் சன்னலில் மூச்சு இருக்கிறது என்று சொன்னேனே, அதற்குத் துளிகள் சாட்சி. உள்ளுறையிலும் இப்படித்தான். நண்டுக்கும் மனிதருக்கும் பொருத்தம் இருந்தால்தான் அந்த விளக்கம் நிற்கும்.

மங்கலாக இருப்பதெல்லாம் நல்ல படம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை ஆடியதால் மங்கிய படங்கள் என் போனிலேயே நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் கற்பனைக்கு இடம் இருப்பது மாதிரித் தோன்றும், ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மறைத்ததோடு நிறுத்தாமல், ஒன்றை மட்டும் உறுதியாகக் கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். கெர்டேஸ் அந்தச் சாய்ந்த தோளைக் கொடுத்தார், சுதெக் ஒவ்வொரு துளியையும் துல்லியமாகக் கொடுத்தார். சுதெக் 1940 முதல் படங்களைப் பெரிதாக்காமல், நெகட்டிவை நேராகத் தாளின் மேல் வைத்தே அச்சிட்டார். அதனால் துளிகள் எண்ணிவிடலாம் போலத் தெரியும், மரம் மட்டும் கலங்கியிருக்கும்.

நீங்களே எடுத்துப் பார்த்தால் இது இன்னும் வேகமாகப் புரியும். மழைக்காலத்தில் கண்ணாடிச் சன்னல் உள்ள பேருந்தில் ஓரத்து இருக்கை கிடைத்தால் போதும். போன் கேமரா தானாகவே வெளியே இருக்கும் கடையையோ ஆளையோ தேடிப் போய்க் கூர்மையாக்கப் பார்க்கும். கண்ணாடியில் இருக்கும் ஒரு துளியின் மேல் விரலால் தொடுங்கள், ஃபோகஸ் துளிக்கு வந்துவிடும், தெரு கரைந்துவிடும். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி தெரியும், அதைக் கீழே இழுத்தால் படம் இருளும். இப்போது காத்திருங்கள். யாராவது குடையோடு கடந்து போகும்போது எடுங்கள். பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாமல் போகும், போகட்டும். அந்தப் பத்தாவது படத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால், அவர் சொல்லும் பதில் உங்களுக்குத் தோன்றியதாக இருக்காது. நான் ஒரு முறை அப்படிக் காட்டியபோது, மஞ்சள் பையோடு நின்ற ஒரு உருவத்தைப் பார்த்து, "எங்க அம்மா மாதிரி இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். அந்த அம்மா இறந்து முப்பது வருடம் ஆகிறதாம். முகம் தெளிவாக விழுந்திருந்தால் அது யாரோ ஒரு பெண், அவ்வளவுதான் என்று ஆகியிருக்கும்.

கெர்டேஸின் வாழ்க்கையிலும் கண்ணாடி அப்படி ஒரு வேலை செய்தது. 1977-இல் அவருடைய மனைவி எலிசபெத் இறந்தார். பிறகு ஒரு நாள் கடைச் சன்னலில் ஒரு சின்னக் கண்ணாடிச் சிலையைப் பார்த்தார். தலையும் தோளும் மட்டும் உள்ள, முகச் சாயல் தெளிவில்லாத சிலை. அதன் கழுத்தும் தோளும் எலிசபெத்தை நினைவுபடுத்தியதால் வாங்கி வந்து, தன் வீட்டுச் சன்னலில் வைத்து, போலராய்டு கேமராவில் விதவிதமான வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படங்கள் 1981-இல் புத்தகமாக வந்தன. அவற்றில் கண்ணாடிக்குள் வானமும் எதிர்க் கட்டடங்களும் தலைகீழாகவும் வளைந்தும் தெரியும். எலிசபெத்தைத் தெரியாத நமக்கு அது ஒரு கண்ணாடிப் பொம்மை. அவருடைய கதை தெரிந்த பிறகு பார்த்தால் அந்தத் தோளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மார்டினிக் படத்துக்கே திரும்புகிறேன். அதை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். முதலில் அந்த ஆள் தனிமையில் இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு முறை தலைப்பில் இருக்கும் தேதி உறைத்தது. புத்தாண்டு. அப்போது அவர் போன வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. சமீபத்தில்தான், இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று பட்டது. கேமராவுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். அவரும் ஒரு பால்கனியில், அதே கடலுக்கு எதிரே, அதே தடுப்பின் இந்தப் பக்கம் நிற்கிறார். பக்கத்துப் பால்கனிக்காரர் மட்டும் அந்த நேரம் தலையைத் திருப்பியிருந்தால், கண்ணாடியில் அவருக்கும் ஒரு கருத்த நிழல் தெரிந்திருக்கும். தலையும் தோளும், முகத்தருகே தூக்கிப் பிடித்த ஏதோ ஒரு பொருளும்.